இழுவையா, மைலேஜா? குடும்பக் கார் கேள்வி-பதில்

பழைய வட ஆற்காடு பகுதி வாசகர்கள் செடான் கார் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கணக்குகளில் பெட்ரோல் விலையை லிட்டர் 102 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் பங்க் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, அப்பா, அம்மா, ஒன்பதாவது படிக்கும் பையன். தினமும் காந்தி நகரிலிருந்து சத்துவாச்சாரிக்கு ஆபீஸ் போய் வருகிறேன். மாதம் 900 கி.மீ. ஓடும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலம், வருஷத்துக்கு இரண்டு தடவை திருப்பதி, எப்போதாவது பெங்களூரில் தங்கை வீடு. 1.2 லிட்டர் சின்ன செடான் எடுப்பதா, 1.5 லிட்டர் பெரிய செடான் எடுப்பதா? சின்னது ஐந்து பேரோடு மலை ஏறாது என்கிறார்கள். பெரியது பெட்ரோலைக் குடிக்கும் என்கிறார்கள்.
வாசகர், காட்பாடி

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு 1.2 லிட்டர் போதும். ஆனால் எந்த 1.2 என்பதை, வீட்டில் உள்ள ஐந்து பேரையும் ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பவர் கணக்கு. 2024 நவம்பரில் வந்த புதிய டிசையரின் பெட்ரோல் இன்ஜின் 82 பி.எஸ். (குதிரைத்திறன் போன்ற பவர் அளவு), ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் 121 பி.எஸ். என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். முன்னது 5,700 ஆர்.பி.எம்.மில் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) கிடைப்பது, பின்னது 6,600 ஆர்.பி.எம்.மில். குடும்பத்தோடு போகும்போது, இந்தச் சுற்றைக் காட்டும் டாக்கோ மீட்டர் முள்ளை அங்கே கொண்டுபோகிறவர்கள் யாரும் இல்லை. 4,000 தாண்டினாலே பின்சீட்டில் இருந்து 'மெதுவா போப்பா' என்று குரல் வந்துவிடும். அதனால் உச்ச பவரை விட, 1,500 முதல் 3,000 ஆர்.பி.எம். வரை இன்ஜின் என்ன இழுக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தேவையான தகவல். அதைச் சொல்வது டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை. நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,024ஆல் வகுத்தால் அந்த இடத்தில் கிடைக்கும் பி.எஸ். தெரிந்துவிடும். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் விளம்பர எண்களைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

இப்போது மலைக்கு வருவோம். வண்டி 950 கிலோ, ஐந்து பேர் 325 கிலோ, பை பெட்டி 40 கிலோ, ஆக 1,315 கிலோ. 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் இதை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏற்ற, சக்கரத்தில் 16 பி.எஸ்.ஸுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். கியர்பாக்ஸில் போகும் இழப்பு, ஏசி கம்ப்ரஸர் இழுப்பது எல்லாம் சேர்த்தால் இன்ஜினிடம் 21, 22 பி.எஸ். கேட்கிறோம். 82ல் கால்வாசிதான். பிறகு ஏன் திணறுகிறது? 30 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரில் இருந்தால் இன்ஜின் ஏறக்குறைய 1,500 ஆர்.பி.எம்.மில் சுற்றும். அங்கே 90 நியூட்டன் மீட்டர் கிடைத்தால் 19 பி.எஸ். மட்டுமே. தேவையை விடக் குறைவு என்பதால் வண்டி உறுமி, அதிர்ந்து, வேகம் இறங்கும். அதே 30 கி.மீ. வேகத்தில் இரண்டாவது கியருக்கு வந்தால் 2,250 ஆர்.பி.எம். 100 நியூட்டன் மீட்டர் என்று கொண்டால் 32 பி.எஸ். தாராளம். 'சின்ன வண்டி மலை ஏறாது' என்று சொல்பவர்களில் பலர், மைலேஜ் குறையுமே என்று மேல் கியரிலேயே ஏற்றிப் பார்த்தவர்கள். கொண்டை ஊசி வளைவு வரும் முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் வேகம் 15க்கு இறங்கினால் தயங்காமல் முதல் கியர். கிளட்ச்சைப் பாதி மிதித்துச் சமாளித்தால் மேலே போய்ச் சேருவதற்குள் கிளட்ச் பிளேட் எரிந்த வாடை வந்துவிடும்.

சின்ன இன்ஜினின் உண்மையான குறை மலையில் இல்லை, ஓவர்டேக்கில் இருக்கிறது. கண்ணமங்கலம் தாண்டி, முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டரும் அதன் பின்னால் ஒரு லாரியும் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முழு லோடோடு 60லிருந்து 90க்குப் போக, 1.2 லிட்டர் வண்டி 1.5ஐ விட இரண்டு விநாடி வரை அதிகம் எடுக்கும். 80 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி என்பது 44 மீட்டர். எதிரில் வரும் பஸ்ஸும் அதே வேகத்தில் வந்தால் அதுவும் 44 மீட்டர். அதாவது கிட்டத்தட்ட 90 மீட்டர் கூடுதலாகக் காலிச் சாலை வேண்டும். இதை மனதில் வைத்து, மூன்றாவது கியருக்கு இறக்கிவிட்டு மட்டுமே ஓவர்டேக் செய்யும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் 1.2 எடுக்கலாம். இரவில் கிரிவலம் முடித்து அசதியோடு திரும்பும்போது இது ரொம்ப முக்கியம்.

பணக் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. உங்கள் கலவையான ஓட்டத்தில் 1.2 லிட்டருக்கு 17 கி.மீ., 1.5 லிட்டருக்கு 13.5 கி.மீ. என்று கொள்வோம். வருஷத்துக்கு 10,800 கி.மீ.யில் முன்னது 635 லிட்டர், பின்னது 800 லிட்டர். வித்தியாசம் 165 லிட்டர், ரூபாயில் 16,830. மாதம் 1,400. ஆன்ரோடு விலை வித்தியாசம் 4 லட்சம் என்றால், 9 சதவீத வட்டிக்கு ஐந்து வருஷக் கடனில் அதற்கு மட்டும் மாதத் தவணை 8,300 ரூபாய். எல்லோரும் அந்த 1,400ஐப் பற்றியே வாதாடுகிறார்கள், இந்த 8,300ஐ யாரும் பேசுவதில்லை.

வரியும் இதில் நுழைகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் 40. சின்ன செடான்கள் எல்லாம் 1.2 லிட்டராகவும் 3,995 மில்லி மீட்டரை ஒட்டியும் வந்து நிற்பதற்குக் காரணம் இந்த மாதிரி வரிக் கோடுதான். தமிழ்நாட்டு ஆயுள் வரியில் இன்னொரு கோடு 10 லட்சத்தில் இருக்கிறது. 5 லட்சத்துக்கு மேல் அதுவரை 13 சதவீதம், தாண்டினால் 18. 9.9 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10.1 லட்சம் என்றால் 1,81,800. விலையில் 20,000 ரூபாய் ஏறியதற்கு வரி 53,100 ஏறுகிறது. சன்ரூஃப் ஆசையில் மேல் வேரியன்ட்டுக்குத் தாவும்போது இந்தக் கோட்டைத் தாண்டுகிறோமா என்று கொட்டேஷனில் பாருங்கள்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் சொல்கிற சமதளச் சாலையில் முடித்துவிடாதீர்கள். அப்பா அம்மா உட்பட ஐந்து பேரும் ஏறுங்கள், ஏசியை முழுதாக வையுங்கள், முடிந்தால் மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் ஏறத் தொடங்கி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பாருங்கள். உச்சிக்குப் போவதற்குள் வேகம் ஏறினால் நல்லது, அதே வேகத்தில் நின்றால் பரவாயில்லை, குறைந்தால் அந்த இன்ஜின் உங்கள் வீட்டுக்கு ஆகாது. அடுத்து, ஏதாவது ஒரு அடித்தள பார்க்கிங் சரிவில் பாதியில் நிறுத்தி, மறுபடி எடுங்கள். வண்டி பின்னால் உருள்கிறதா, எடுக்கும்போது அணைந்துபோகிறதா என்று தெரிந்துவிடும். ரிவர்ஸிலும் ஒருமுறை ஏற்றுங்கள். கடைசியாக, அம்மாவைப் பின்சீட்டில் இருந்து தானாக இறங்கச் சொல்லிப் பாருங்கள். செடான் தாழ்ந்து இருக்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்த ஒரு நிமிஷமே போதும், வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லிவிடும்.

கேள்வி: வண்டி வாங்கி எட்டு மாதம். 24 கி.மீ.க்கு மேல் கொடுக்கும் என்றார்கள். 15 தாண்டவில்லை. சர்வீஸ் சென்டரில் 'எல்லாம் நார்மல்' என்று அனுப்பிவிடுகிறார்கள். வண்டியில் கோளாறா?
வாசகி, ஆம்பூர்

பதில்: அந்த 24 ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் வண்டியை ஓட்டி எடுத்த எண். அதிகபட்ச வேகம் 90, சராசரி 30ஐ ஒட்டி. ஏசி அணைந்திருக்கும், எதிர்காற்று கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிடத்தான் அது பயன்படும். ஊருக்குள் அதில் 60 முதல் 65 சதவீதம், நெடுஞ்சாலையில் 80 சதவீதம் வந்தால் வண்டி சரியாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

டேஷ்போர்டில் காட்டும் எண்ணை விட்டுவிட்டு நீங்களே அளந்து பாருங்கள். பங்க்கில் நாஸில் தானாக முதல் தடவை கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். குறைந்தது 300 கி.மீ. ஓடிய பிறகு அதே பங்க், அதே நாஸில், அதே மாதிரி முதல் கட் வரை. ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால்தான் நம்பலாம். ஒரே முறை அளந்தால் நாஸில் முன்பின் கட் ஆவதிலேயே ஒன்றிரண்டு லிட்டர் தவறு வரும்.

ஆம்பூர் பஜாருக்குள் இரண்டு மூன்று கி.மீ. மட்டும் ஓட்டி நிறுத்துகிறீர்கள் என்றால் 15 வருவதே அதிகம். இன்ஜின் சூடாகும் முன் பெட்ரோல் கூடுதலாகத்தான் தெளிக்கப்படும். கத்திரி வெயிலில் ஏசி 10 முதல் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த இ20 பெட்ரோலும் ஒரு காரணம். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 6, 7 சதவீதம் ஆற்றல் குறைகிறது.

இவை எதுவும் இல்லாமல் நெடுஞ்சாலையிலும் 15 தாண்டவில்லை என்றால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று சந்தேகப்படுங்கள். பிரேக்கை அதிகம் தொடாமல் 10 கி.மீ. ஓட்டி, ஓரமாக நிறுத்தி, நான்கு வீல் டிஸ்க் பக்கமும் கையை அருகில் மட்டும் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு வீல் மட்டும் அனலாக அடித்தால் அங்கே காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சிக்கியிருக்கிறது. இந்த விவரத்தோடு, எந்த வீல் என்று எழுதிக் கொடுத்தால் சர்வீஸ் சென்டரில் 'நார்மல்' என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. டயர் காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள். டிரைவர் பக்கக் கதவு ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் அளவே சரியான அளவு.

கேள்வி: 1 லிட்டர் டர்போ ஆட்டோமேட்டிக் செடான் பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டர் இன்ஜின் என்பதால் மைலேஜ் அதிகமாகக் கிடைக்கும் அல்லவா? பேரணாம்பட்டு வழியாக ஆந்திரா பக்கம் மலைப்பாதையில் வாரம் ஒருமுறை போவேன்.
வாசகர், குடியாத்தம்

பதில்: இழுவைக்காக எடுங்கள், மைலேஜுக்காக எடுக்காதீர்கள். விர்டஸ், ஸ்லாவியா கார்களில் வரும் 1 லிட்டர் டர்போ 1,750 ஆர்.பி.எம்.மிலேயே 178 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதாவது அந்தத் தாழ்ந்த சுற்றிலேயே 44 பி.எஸ். காட்பாடி வாசகருக்குச் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மலைப்பாதையில் கியர் மாற்றும் வேலையே பாதியாகிவிடும். ஆனால் டர்போ என்பது கூடுதல் காற்றை உள்ளே தள்ளுவது. கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். நிதானமாக 80ல் போனால் 18 கொடுக்கும் வண்டி, அழுத்தி மிதித்தால் 11க்கு இறங்கும். சாதாரண இன்ஜினில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்காது.

கியர்பாக்ஸ் எந்த வகை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை மலைக்கும் நெரிசலுக்கும் ஒத்துவரும். உலர் கிளட்ச் உள்ள டி.சி.டி. (இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்) நெடுஞ்சாலையில் அருமை. ஏற்றத்தில் வரிசையாக வண்டிகள் நின்று நின்று நகரும்போது ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த இடத்தில் பிரேக்கைப் போட்டு, முன் வண்டி ஒரு வண்டி நீளம் போன பிறகு நகர்த்துங்கள். மலை ஏறி முடித்த உடனே இன்ஜினை அணைக்காமல் ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள், டர்போ பேரிங்கில் எண்ணெய் ஓடிச் சூடு தணியும்.

கேள்வி: பட்டுப்புடவை மூட்டைகளோடு காஞ்சிபுரம், சென்னை போவேன். மாதம் 2,500 கி.மீ. சி.என்.ஜி. செடான் சரிவருமா?
வாசகர், ஆரணி

பதில்: இவ்வளவு ஓட்டத்துக்குப் பணக் கணக்கில் சி.என்.ஜி.தான் வெல்லும். டிக்கியில் தோற்கும். வழக்கமான 60 லிட்டர் சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும், உங்கள் மூட்டைகள் பின்சீட்டுக்கு வரும். டாடா டிகோரில் சின்ன சிலிண்டர் இரண்டைத் தரைக்கு ஒட்டிப் போட்டிருப்பதால் மேலே இடம் கிடைக்கிறது. மூட்டையைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பவர் குறைவதும் உண்மை. டிசையரில் 82 பி.எஸ். 70 ஆகிறது, டார்க் 112லிருந்து 102 ஆகிறது. சமவெளியில் பெரிதாகத் தெரியாது. ஜவ்வாது மலைப் பக்கம் போவதென்றால் அடிவாரத்திலேயே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம். பழைய வண்டி வாங்கினால் அந்தச் சான்றிதழின் தேதியை முதலில் பாருங்கள்.

கேள்வி: பழைய டீசல் செடான் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, 2021 மாடல். இழுவையும் உண்டு மைலேஜும் உண்டு என்கிறார்கள். தினமும் 12 கி.மீ. ராணிப்பேட்டை சிப்காட் போய் வருவேன்.
வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: வேண்டாம். வண்டியைக் குறை சொல்லவில்லை, உங்கள் 12 கி.மீ.தான் தடை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி) டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய, 60 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் 20 நிமிஷமாவது விடாமல் ஓட வேண்டும். குறுகிய தூரமே ஓடினால் வடிகட்டி அடைத்து, விளக்கு எரிந்து, பவர் குறைந்துவிடும். மாற்றும் செலவு லட்சத்தைத் தொடலாம். வாரம் இரண்டு முறை சென்னை போகிறவர் என்றால் பதில் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: ஏலகிரியில் இருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று டிரைவர் நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?
வாசகர், திருப்பத்தூர்

பதில்: கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. இன்றைய வண்டிக்குத் தவறு, ஆபத்தும்கூட. இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றவைக்கும். அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுவதும் நிறுத்திவிடும். சுற்று 1,200 பக்கம் இறங்கும் வரை ஒரு சொட்டுகூடச் செலவில்லை. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க ஐட்லிங் பெட்ரோல் ஓட வேண்டும், மணிக்கு அரை லிட்டருக்கு மேல். மிச்சம் என்று நினைத்துச் செலவு செய்கிறோம்.

இதைவிடப் பெரிது பிரேக். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளை, ஐந்து பேர் ஏறிய வண்டியோடு நியூட்ரலில் இறங்கினால், 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு சூடு பிரேக்கில் போய்ச் சேரும். பேட் சூடேறினால் பிடி குறையும். பிரேக் எண்ணெய் பழையதாக, ஈரம் இழுத்ததாக இருந்தால் அதுவே கொதித்து, பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியர் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், வளைவுக்கு முன் ஒரு அழுத்து, பிறகு காலை எடுத்துவிடுங்கள். விட்டு விட்டுப் பிடிப்பதால் டிஸ்க்கில் காற்றுப் பட்டு ஆற நேரம் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல் முறையில் 2ல் வையுங்கள். பாதி வழியில் எரிந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, 20 நிமிஷம் நில்லுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெளிந்துவிடும்.